விட்டதைப் பிடிக்க மனம் ஏன் துடிக்கிறது?

சூதாட்டத்தில் மூளையை அதிகம் கிளறுவது, பரிசு எப்போது வரும் என்று தெரியாத நிலை. எதிர்பாராத பரிசுக்கு டோபமைன் நரம்பணுக்கள் கூடுதலாகத் தூண்டப்படுகின்றன. கோட்டூர்புரம் பறக்கும் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருப்பவர் கைபேசியில் பணம் கட்டி ரம்மி ஆடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். செட் சேர ஒரே ஒரு சீட்டு குறைகிறது. தோல்விதான்; ஆனால் நூலிழையில் தவறியதை மூளை ஏறக்குறைய வெற்றியாகவே எடுத்துக்கொள்கிறது. கட்டைவிரல் அடுத்த ஆட்டத்தைத் தொடுகிறது. கடன் தொடங்குவது இங்கேதான்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் கட்டுமீறிய சூதாட்டத்தைப் போதைப் பழக்கங்களோடு சேர்த்து வகைப்படுத்தியது. வீட்டார் திட்டித் திருத்த முடியாத நோய் இது.

தமிழக அரசு 2022-இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 பிப்ரவரி விதிகள் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண ஆட்டங்களைத் தடுத்தன. தூக்கம் கெட்ட மனம் நிதானம் இழக்கும் நேரம் அது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களையே தடை செய்தது.

ஆசை சட்டத்தோடு அடங்கிவிடாது. உந்துதல் எழும் வேளையை அறிந்து, அதைத் தள்ளிப்போடப் பழக்கும் உளவியல் சிகிச்சை பலன் தருகிறது. பணப் பொறுப்பை நம்பிக்கையானவரிடம் ஒப்படைப்பதும் உதவும். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.