உதவி இருக்கும் வாசல் எது?

1992-ல் சேலம் மாவட்டத்தில் அரசு தொட்டில் கட்டியது. பிறந்த பெண் குழந்தையைக் கொன்றுவிடும் கொடுமை அப்போது இந்தப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் இருந்தது. வளர்க்க முடியாதவர்கள் குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுவிட்டுப் போகலாம், யார், எவர் என்று விசாரணை இருக்காது என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் அரசு அறிவித்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலில் தொடங்கியது சேலத்தில்தான். நாமக்கல் அன்று சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது; 1997 ஜனவரி 1 முதல்தான் அது தனி மாவட்டமாக இயங்குகிறது.

கைவிடுவதற்கு அரசே வழிகாட்டலாமா என்று பெண்கள் அமைப்புகள் அப்போதே கேட்டன. கேள்வி நியாயமானது. ஆனால் நிலைமை அவ்வளவு மோசமாக இருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். மாநிலச் சராசரி 942. அடுத்த பத்தாண்டில், 2011 கணக்கெடுப்பில், சேலத்தின் எண்ணிக்கை 910-ஐத் தாண்டியது. சட்டம், பிரசாரம், செவிலியர்களின் கண்காணிப்பு, பெண் குழந்தைக்கான வைப்புத்தொகை என்று பலவும் சேர்ந்துதான் அந்த மாற்றம் வந்தது.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், 2019 ஏப்ரலில் ராசிபுரத்திலிருந்து ஒரு செய்தி வந்து தமிழ்நாட்டை உலுக்கியது. பச்சிளம் குழந்தைகளுக்கு விலை பேசும் தொலைபேசி உரையாடல் ஒன்று வெளியானது. அரசு மருத்துவமனையில் முன்பு வேலை பார்த்த ஒருவர் உட்படப் பலர் கைதானார்கள், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. 2023 அக்டோபரில் திருச்செங்கோட்டிலும் இதே போன்ற புகாரில் கைதுகள் நடந்தன. ஒரு பக்கம் வளர்க்க வழியில்லாத தாய், மறுபக்கம் குழந்தைக்கு ஏங்கும் தம்பதி. இருவருக்குமே சட்டப்படியான வழி அதே மாவட்டத்தில் இருந்தது. அவர்களுக்கு அந்த வழியைச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில்தான் தரகர் புகுந்தார்.

சேலம், நாமக்கல் குடும்பங்களுக்கு உதவித் திட்டங்கள் குறைவில்லை. அவை பல அலுவலகங்களில் பிரிந்து கிடக்கின்றன. சமூக நலம் ஒரு மாடியில், மாற்றுத்திறனாளிகள் நலம் இன்னொரு கட்டடத்தில், மருத்துவமனைப் பிரிவு ஊரின் வேறு மூலையில். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டுகிற தாய்க்கோ, சேந்தமங்கலம் பக்கம் கோழிப்பண்ணையில் தங்கி வேலை செய்யும் தகப்பனுக்கோ ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அவர்கள் திட்டத்தின் பெயரைத் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை. தங்கள் கஷ்டத்தை எந்த வாசலில் சொன்னால் சரியான ஆளிடம் போய்ச் சேரும் என்பது தெரிந்தால் போதும்.

முதல் வாசல், தெருவிலேயே

அந்த முதல் வாசல் பெரும்பாலும் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கடைசிக் கண்ணி இது. சத்துமாவும் முட்டையும் கொடுக்கும் இடமாக மட்டும் இதைப் பார்ப்பவர்கள் அதிகம். ஆனால் தெருவில் எந்த வீட்டில் யார் கர்ப்பமாக இருக்கிறார், எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை, எந்த வீட்டில் அப்பா இல்லை என்பதெல்லாம் அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெரியும். அடுத்தவர் கிராம சுகாதார செவிலியர். கர்ப்பத்தை அவரிடம் சீக்கிரமே பதிந்து பிக்மி எண் வாங்கிவிட்டால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் வழி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் மதிப்பும் சேர்த்து ₹18,000 வரை கிடைக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எடுக்கும்போதும் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

பெண் குழந்தைகள் மட்டுமே உள்ள குடும்பங்கள் மறக்கக் கூடாதது முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். இதுவும் 1992-ல் வந்ததுதான். ஒரே பெண் என்றால் ₹50,000, இரண்டு பெண்கள் என்றால் தலா ₹25,000 குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போடப்பட்டு, 18 வயதில் வட்டியோடு கிடைக்கும். வருமான வரம்பும், பெற்றோரில் ஒருவர் குடும்பக்கட்டுப்பாடு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. விண்ணப்பத்துக்குக் கெடு இருக்கிறது: குழந்தைக்கு மூன்று வயது முடிவதற்குள் போட வேண்டும். பலர் இத்திட்டத்தைக் கேள்விப்படுவதே பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான். அதற்குள் கெடு முடிந்திருக்கும்.

"இன்னும் பேச்சு வரலீங்க"

ஒன்றரை வயதுப் பையன் பெயரைக் கூப்பிட்டால் திரும்பவில்லை. விரலை நீட்டி எதையும் காட்டுவதில்லை. ஒரு சொல்லும் வரவில்லை. வீட்டில் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "இவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான், இவனும் பேசிருவான்." அன்பில் சொல்கிற சொல்தான். ஆனால் அந்த ஆறுதலில் கழிகிற ஓர் ஆண்டைத் திருப்பிப் பிடிப்பது கடினம். பயிற்சிக்கு மூளை மிக வேகமாக இசைந்துகொடுக்கும் பருவம் அதுதான்.

இதற்காகவே ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற தேசியத் திட்டம் 2013-ல் வந்தது. பிறவிக் குறை, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பிறப்பு முதல் 18 வயது வரை கண்டறிவது அதன் வேலை. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும். சந்தேகம் உள்ள குழந்தையை அவர்கள் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். சேலத்துக்காரர்கள் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்கலாம். நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்குள்ள மருத்துவமனையில் கேட்கலாம். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உளவியலாளர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதுதான் இந்த மையங்களின் நோக்கம். பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. குழு வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பெற்றோர் நேரடியாகவே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

குறைபாடு உறுதியானால் அடுத்த படி, தனித்துவ அடையாள அட்டை. 2016-ஆம் ஆண்டு சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் தலசீமியாவும் அவற்றுள் அடக்கம். அட்டை கையில் இருந்தால்தான் மற்றவை நகரும். அறிவுசார் குறைபாடு, கடும் பாதிப்பு போன்ற பிரிவுகளில் மாதம் ₹2,000 பராமரிப்பு உதவித்தொகை, பயணச் சலுகை, ஆட்டிசமும் பெருமூளை வாதமும் உள்ளவர்களுக்கு நிரமயா திட்டத்தில் ₹1 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு என்று வரிசை நீளும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் இயன்முறைப் பயிற்சியும் உண்டு. நடமாடவே முடியாத பிள்ளைக்கு ஆசிரியர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பார்.

குடும்பத் தலைவர் இல்லாமல் போனால்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சோறு போடுவது லாரியும் ரிக் வண்டியும். விபத்தில் ஒருவர் போய்விட்டால் அந்த வீட்டுப் பெண் ஒரே வாரத்தில் காவல் நிலையம், மருத்துவமனை, இன்சூரன்ஸ், நீதிமன்றம் என்று அலைய நேரிடுகிறது. அவர் முதலில் போக வேண்டிய இடம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் வக்கீலை இலவசமாகத் தர வேண்டும். சேலத்தில் அது அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் இயங்குகிறது. தொலைபேசி உதவிக்கு எண் 15100. விபத்து இழப்பீட்டு வழக்கை ஆறு மாதத்துக்குள் தொடுத்துவிடுவதே பாதுகாப்பு. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும், 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள திட்டத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு ₹2 லட்சம் கிடைக்கும்.

அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கு வேறொரு அலுவலகம் இருக்கிறது: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கணவரை இழந்த, கைவிடப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கும், தாத்தா பாட்டியிடம் வளரும் பெற்றோரில்லாப் பிள்ளைகளுக்கும் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் ₹4,000 நிதி ஆதரவு வழங்க வழி உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் ₹72,000-க்குள்ளும், மற்ற இடங்களில் ₹96,000-க்குள்ளும் இருக்க வேண்டும். பிள்ளையை விடுதியில் தள்ளாமல் சொந்த வீட்டிலேயே வைத்து வளர்க்க உதவுவதுதான் இதன் நோக்கம். வளர்க்கவே முடியாது என்று தவிக்கும் தாயும் இங்கேதான் வர வேண்டும். குழந்தைகள் நலக் குழுவிடம் பிள்ளையை முறைப்படி ஒப்படைத்தாலும், மனம் மாற அவருக்குச் சட்டம் இரண்டு மாதம் தருகிறது. தத்தெடுக்க விரும்புவோர் மத்திய தத்துவள ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிந்து காத்திருக்க வேண்டும். 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார்.

ஒரே கஷ்டத்தில் உள்ளவர்கள் சந்திக்கும்போது

அலுவலகங்களால் தர முடியாத ஒன்றும் இருக்கிறது. 1990-களில் லாரித் தொழிலோடு எச்.ஐ.வி.யும் நாமக்கல் குடும்பங்களுக்குள் நுழைந்தது. லாரி ஓட்டுநரான கணவரிடமிருந்து தொற்று பெற்ற இளம் பெண்களில் ஒருவர் நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா. ஒளிந்து வாழ மறுத்து, தன் நிலையை வெளிப்படையாகச் சொன்னார். 1998-ல் தன்னைப் போன்ற பெண்களோடு சேர்ந்து 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார். மருந்து எங்கே கிடைக்கும், மாமியார் வீட்டில் சொத்துரிமை கேட்பது எப்படி, பள்ளி பிள்ளையைச் சேர்க்க மறுத்தால் யாரிடம் போவது என்பதையெல்லாம் இத்தகைய கூட்டங்களில் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இன்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது. 1097 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது.

மற்றப் பெற்றோருக்கும் இது பொருந்தும். இடையீட்டு மையத்தின் பெஞ்சில் வாராவாரம் பக்கத்தில் உட்காரும் இன்னொரு தாய், எந்த நாளில் மருத்துவச் சான்று முகாம், எந்தப் பேருந்தில் வந்தால் நேரத்துக்குச் சேரலாம் என்பதை எந்த அறிவிப்புப் பலகையையும் விடத் தெளிவாகச் சொல்வார்.

எண்களும் காகிதங்களும்

நள்ளிரவில் அலுவலகம் திறந்திருக்காது. தொலைபேசி எண்கள் திறந்திருக்கும். குழந்தைக்கு ஆபத்து, குழந்தைத் திருமண ஏற்பாடு, வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை என்றால் 1098. வீட்டில் அடி உதை, மிரட்டல் என்றால் 181. அதன் வழி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடம், சிகிச்சை, காவல் உதவி, வக்கீல் நான்கும் கிடைக்கும். பிரசவத்துக்குப் பின் காரணமில்லாமல் அழுகை, தூக்கமின்மை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காத மனநிலை என்றால் 14416, அழைப்பு இலவசம். மருத்துவ ஆலோசனைக்கு 104.

எந்த விண்ணப்பமானாலும் ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, வங்கிப் புத்தகம், பிள்ளையின் பிறப்புச் சான்று ஆகிய ஐந்தின் நகல்களும் ஒரே கோப்பில் இருந்தால் இரண்டு நடை குறையும். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்குவது முக்கியம். "இது எங்க வேலை இல்லீங்க" என்று ஓர் அலுவலகம் திருப்பி அனுப்பினால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவைத் தரலாம். துறை எது என்று தேடும் பொறுப்பு அங்கே அரசினுடையது. முதல்வரின் உதவி மையத்துக்கு 1100.

இந்தச் சமவெளியில் இப்போது தறிக்கூடங்களிலும் கோழிப்பண்ணைகளிலும் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் நிறைய வேலை செய்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளுக்கும் அங்கன்வாடி உண்டு. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று எந்தப் பள்ளியும் அவர்களை மறுக்க முடியாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆகவே இரு மாவட்ட நிர்வாகங்களும் உடனே செய்ய வேண்டிய, செலவு அதிகமில்லாத வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அங்கன்வாடிச் சுவரிலும், ரேஷன் கடையிலும், தறிக்கூடத் தெருமுனையிலும் இந்த எண்களையும் இடையீட்டு மையம், பாதுகாப்பு அலகு, சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆகியவற்றின் முகவரிகளையும் பெரிய எழுத்தில் எழுதிவைக்க வேண்டும். தமிழோடு ஒடியாவிலும் இந்தியிலும்.