திரையில் தெரியும் உலகம்
சிறார்க்குப் பிறநாட்டறிவு புகட்டும் இணையக் கருவிகள்

பிறநாடுகளைப் பற்றி நம் குழந்தைகள் அறிந்திருப்பது யாது? தலைநகரின் பெயரையும் கொடியின் நிறத்தையும் நாணயத்தின் பெயரையும் தடையின்றி ஒப்பிக்கும் மாணவனைப் பூகோளம் தெரிந்தவன் என்று பாராட்டுகிறோம். ஆனால் அவன் உள்ளத்தில் ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் வேறொரு படம் முன்னரே பதிந்துகிடக்கிறது. இது பெரிய நாடு, அது சிறிய நாடு. இவர்கள் செல்வர்கள், அவர்கள் இரங்கத்தக்கவர்கள் என்னும் படம் அது. அது பிழையாயின் மனப்பாடம் அதனைத் திருத்தாது. குழந்தை தன் கையாலேயே நகர்த்தியும் தேடியும் பார்க்கத்தக்க இணையக் கருவிகள் சில, அப்பிழையைத் திருத்த வல்லவை.

முதலில் உலகப்படத்தையே எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சுவர்களில் நெடுங்காலம் தொங்கிய படம் 1569ஆம் ஆண்டில் மெர்க்காட்டர் என்பார் வகுத்த முறையைத் தழுவியது. அது கடலோடிகளுக்காக எழுந்த முறை. திசைகாட்டியை ஒரே திசையில் நிறுத்திச் செல்லும் கப்பலின் வழி அப்படத்தில் நேர்கோடாக அமையும். இவ்வசதிக்காகப் பரப்பளவு பலியிடப்பட்டது. நிலநடுக்கோட்டினின்று வடக்கேயும் தெற்கேயும் செல்லச் செல்ல, நிலங்கள் ஊதிப் பெருத்துக் காட்சியளிக்கும். 60 பாகையில் நீளமும் அகலமும் இரு மடங்காகும். எனவே பரப்பு நான்கு மடங்கு. கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணைபோலத் தோன்றுவது இதனாலேயே. உண்மையிலோ ஆப்பிரிக்கா அதனைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. நடுக்கோட்டை ஒட்டிய மலேசியாவும் சிங்கப்பூரும் இப்பெருக்கத்தில் பங்கு பெறவில்லை.

இதனை விளக்க ஓர் ஆரஞ்சுப் பழத்தின் தோலை உரித்து மேசைமீது தட்டையாக்கிக் காட்டினாலும் போதும். கிழியாமலோ இழுபடாமலோ அது படியாது. அதற்கு மேலும் செல்ல விரும்புவோருக்கு ‘தி ட்ரூ சைஸ்’ என்னும் இணையதளம் உண்டு. ஒரு நாட்டின் பெயரை எழுதினால் அதன் உருவம் வண்ணமாகத் தனித்து எழும். அதனைப் பிடித்துப் படத்தின்மீது எங்கும் இழுத்துச் செல்லலாம். பின்லாந்தை மெல்ல இழுத்து வந்து மலேசியாவின் அருகே வைத்துப் பாருங்கள். வரும் வழியிலேயே அது சுருங்கிக்கொண்டு வரும்! பின்லாந்தின் பரப்பு சுமார் 338,000 சதுர கிலோமீட்டர்; மலேசியாவின் பரப்பு சுமார் 330,000. சுவர்ப்படத்திலோ முன்னது பின்னதைப்போல் பன்மடங்கு எனத் தோன்றும். இழுப்பதற்கு முன், ‘எது பெரியது? எத்தனை மடங்கு?’ என்று கேட்டுக் குழந்தையின் விடையைத் தாளில் எழுதி வைத்தல் வேண்டும். தான் எண்ணியதற்கும் கண்டதற்கும் உள்ள வேற்றுமையே பாடம். எழுதி வையாவிட்டால் ‘எனக்கு முன்னமே தெரியும்’ என்று சொல்லிவிடுவார்கள்.

நிலத்தின் அளவைவிட மக்களின் வாழ்வைப் பற்றிய பிழையே தீங்கு மிகுந்தது. நம் தெருக்களில் வங்காளதேசத்தாரும் மியன்மார் நாட்டாரும் கட்டடம் எழுப்புகின்றனர். நம் இல்லங்கள் பலவற்றில் இந்தோனேசியப் பெண்கள் பணிபுரிகின்றனர். அவர்கள் நாட்டைப் பற்றிக் குழந்தை என்ன எண்ணுகிறதோ, அதுவே அவர்களிடம் அது பேசும் பேச்சிலும் வெளிப்படும்.

சுவீடன் நாட்டின் கேப்மைண்டர் என்னும் அறக்கட்டளை நடத்தும் ‘டாலர் ஸ்ட்ரீட்’ இங்கே பெரிதும் பயன்படுவது. ஆன்னா ரோஸ்லிங் ரோன்லுண்ட் என்னும் அம்மையாரின் கருத்தில் உதித்தது இது. உலகம் முழுவதையும் ஒரே தெருவாகக் கற்பனை செய்கிறார்கள். இடக்கோடியில் மிக வறிய குடும்பம். வலக்கோடியில் மிகச் செல்வக் குடும்பம். ஏனையோர் மாத வருவாயின்படி இடையே. புகைப்படக்காரர்கள் ஐம்பது நாடுகளுக்கு மேல் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சென்று அடுப்பு, படுக்கை, பல் துலக்கும் பொருள், விளையாட்டுப் பொருள் முதலியவற்றைப் படம் பிடித்திருக்கிறார்கள். ‘அடுப்பு’ என்று தேர்ந்தால் உலகத்து அடுப்புகள் வரிசையாக வந்து நிற்கும். இடப்புறம் விறகும் திறந்த நெருப்பும். நகர நகர எரிவாயுவும் மின்சாரமும். வருவாய் ஒத்த வீடுகள் கண்டம் வேறாயினும் பெரிதும் ஒத்திருப்பதைக் காணலாம். இந்தியாவிலும் சீனாவிலும் தெருவின் இரு புறங்களிலுமே வீடுகள் உண்டு. ‘அந்த நாட்டு வழக்கம்’ என்று குழந்தை கருதியது பல வேளைகளில் வழக்கமன்று, வருவாயே என்பது அப்போது தெரியவரும்.

ஆனால் இடக்கோடியை மட்டும் காட்டி நிறுத்தினால் ‘ஐயோ, பாவம்’ என்பதோடு முடிந்துவிடும். ஒரே நாட்டின் இரு வேறு வீடுகளை அடுத்தடுத்துக் காட்டுதல் இன்றியமையாதது. சில நாடுகளுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க வீடுகளே உள்ளன என்பதையும் சொல்ல வேண்டும். மொழியும் பாட்டும் நகைச்சுவையும் அடுப்பின் படத்தில் அகப்படா.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு, 2013இல் சுவீடனில் தோன்றிய ‘ஜியோகெஸர்’ என்னும் விளையாட்டு உகந்தது. முன்பின் தெரியாத ஒரு சாலைக் காட்சி திரையில் தோன்றும். எழுத்து, மரம், வண்டி செல்லும் பக்கம் ஆகியவற்றைக் கொண்டு அது எந்நாடு எனத் துப்பறிய வேண்டும். இடப்பக்கம் வண்டி ஓட்டுவோர் எல்லாம் முன்னாள் பிரிட்டிஷ் குடிகளே என்று கருதும் பிள்ளையைத் தாய்லாந்தும் ஜப்பானும் திகைக்க வைக்கும். எனினும் அதற்குரிய சாலைப்படங்கள் எல்லா நாட்டிலும் எடுக்கப்படவில்லை. சீனப் பெருநிலத்தின் பெரும்பகுதி அதில் இல்லை. ஆப்பிரிக்காவிலும் இடைவெளிகள் பல.

வீட்டில் தொடங்க விரும்புவோர்க்கு ஒரு வழி சொல்லலாம். தம் வீட்டு அடுப்பையும் படுக்கையையும் பல் துலக்கியையும் குழந்தையையே படம் எடுக்கச் சொல்லுங்கள். பின்னர் அந்தத் தெருவில் தம் வீடு எங்கே நிற்கும் என்று தேடச் சொல்லுங்கள். பெற்றோர் வருவாயை வெளியிட வேண்டுவதில்லை. பொருள்களைக் கொண்டே ஒருவாறு மதிப்பிடலாம். இடம் தெரிந்தபின், இடப்பக்கத்து அண்டைவீட்டாரும் வலப்பக்கத்து அண்டைவீட்டாரும் எந்நாட்டினர் என்று பார்க்கட்டும்.