அந்த பஸ்ஸா, ஒரு பஸ்ஸா?

கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தையில் ஆனி மாதக் காலை. தரையெங்கும் பலாப்பழம். அன்னாசி மூட்டைக்கும் வாழைத்தாருக்கும் நடுவே கால் வைக்க இடம் தேடி நின்றுகொண்டிருந்தேன். வளைவில் ஹாரன் கேட்டதும், குந்தியிருந்த பாட்டி ஒருவர் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார். “பஸ் வந்துருச்சு.” எந்த பஸ் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த நேரத்துக்கு அங்கே வருவது அந்த ஒரு பஸ்தான்.

பாட்டியோடு வந்திருந்த பேத்தி எட்டாம் வகுப்பு. மடியில் ஆங்கில நோட்டு விரிந்திருந்தது. ஊரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முதல் வாக்கியம்: ‘பஸ் கம் இன் மார்னிங்’. அதில் மூன்று சிவப்பு வட்டம். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு ‘தி’ வேண்டும், ‘கம்’முக்குப் பின்னால் ஒரு ‘ஸ்’ வேண்டும், ‘மார்னிங்’குக்கு முன்னால் இன்னொரு ‘தி’ வேண்டும். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “பஸ்ஸுன்னா பஸ்தானே சார்? முன்னாடி எதுக்கு அந்த ‘தி’?”

மூன்று வட்டத்தையும் விடப் பெரிய கேள்வி அது. இதே இடத்தில் இடறுகிற பிள்ளைகள் இன்னொரு நாட்டில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

தென் கொரியாவில் ஒவ்வொரு நவம்பரிலும் ஒரு வியாழக்கிழமை, மதியம் 1.05 முதல் 1.40 வரை எந்த விமான நிலையத்திலும் விமானம் ஏறாது, இறங்காது. கல்லூரி நுழைவுத் தேர்வான சுனுங்கில் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடை எழுதும் பகுதி அப்போதுதான் நடக்கிறது. பிள்ளைகளின் காதுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று ஒரு தேசமே வானத்தை நிறுத்தி வைக்கிறது. ஆங்கிலத் தாளில் மொத்தம் 45 கேள்விகள், 70 நிமிடம். முதல் 17 கேள்விகள் கேட்டு எழுதுவது, மீதி படித்து எழுதுவது. 29-ஆம் கேள்வியில் ஒரு பத்தி கொடுத்து ஐந்து இடங்களில் அடிக்கோடு போட்டிருப்பார்கள். இலக்கணம் எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க வேண்டும். 30-ஆம் கேள்வியில் இலக்கணம் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு சொல் பொருந்தாது. அந்தச் சொல் எது என்று சொல்ல வேண்டும். பத்திகளோ இன்றைய வாழ்க்கையைச் சுற்றியவை: தொழில்நுட்பம், சந்தை, மனித மனம், சுற்றுச்சூழல். இப்படிப்பட்ட கேள்விகளைக் கடக்கத்தான் பிள்ளைகள் இரவு வரை டியூஷன் நிலையங்களில் கிடக்கிறார்கள். 1997-இலிருந்து அங்கே மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிடுகிறது. காசும் இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது, ஆசிரியரும் இருக்கிறார். அப்படியும் அந்தப் பிள்ளை ‘பஸ் கம்’ என்றுதான் முதலில் எழுதுகிறது.

அதனால்தான் கொல்லிமலைப் பிள்ளைக்கு ஆங்கிலம் வராதது மலையின் குறை, குடும்பத்தின் குறை, மூளையின் குறை என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருகிறது. தமிழும் கொரிய மொழியும் வாக்கியத்தைக் கட்டுகிற விதம் ஒன்று, ஆங்கிலம் கட்டுகிற விதம் வேறு. தடுமாற்றம் அங்கிருந்து வருகிறது.

இந்த ஒற்றுமையை முதலில் விரிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் ஓர் ஆங்கில ஆசிரியர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1886-இல் கொரிய அரசின் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கப் போனார். 1905-இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று அவர் நினைத்தார். இன்றைய மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. அப்பா, அம்மா போன்ற சொற்கள் ஒத்துப்போவதைக் காட்டி உறவு கொண்டாடும் காணொளிகளையும் அந்த அளவுக்கே நம்பலாம். ஆனால் உறவு இல்லாவிட்டாலும் உருவம் ஒன்று. இரண்டிலும் வினை கடைசியில் வரும். இரண்டிலும் ‘இல்’, ‘ஓடு’ போன்றவை பெயருக்குப் பின்னால் ஒட்டும். ‘நாலு மரம்’ என்றாலே போதும், ‘கள்’ கட்டாயமில்லை. ‘ஏ’, ‘தி’ இரண்டிலும் கிடையாது.

கிடையாது என்று எழுதிவிட்டேன். உண்மையில் இருக்கிறது, வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. ‘பலாப்பழம் வாங்கினேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ஏதோ ஒரு பழம். ‘பலாப்பழத்தை வாங்கினேன்’ என்று சொல்லிப் பாருங்கள். காலையிலேயே பார்த்து, தட்டிப் பார்த்து, விலை பேசி வைத்த அந்தப் பழம். இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ மறைந்து நின்றால் ‘ஏ’, வெளிப்பட்டு நின்றால் ‘தி’. எல்லா இடத்துக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது. ஆட்களைக் குறிக்கும்போது ‘ஐ’ பெரும்பாலும் வந்துவிடும், எழுவாயில் ‘ஐ’ வரவே வராது. ஆனால் ‘தி’ என்றால் என்ன உணர்வு என்று ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. கொரியக்காரர்களும் இந்த வேறுபாட்டை ஒட்டுகளில்தான் வைத்திருக்கிறார்கள். கதையில் ராஜா முதன்முதலாக வரும்போது ‘இ’ ஒட்டும். ஆள் தெரிந்துவிட்ட பிறகு, அதே ராஜாவுக்கு ‘உன்’ ஒட்டும்.

ராஜா என்றதும் நினைவு வருகிறது. செம்மேட்டில் குதிரை மேல் வில்லோடு சிலையாக நிற்கும், இந்த மலையின் பழைய மன்னன் ஓரியைப் பார்க்காமல் யாரும் மலையைக் கடந்து போக முடியாது. ஆடிப் பதினெட்டுக்கு அவனுக்கு விழா எடுக்கிறார்கள். யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு ஐந்தையும் ஒரே அம்பு துளைத்துச் சென்றதைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். சந்தையில் அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன விளக்கம் இதுதான். கதை கேட்பவருக்கு ஓரியைத் தெரியாது என்று வைத்துக்கொள். முதலில் ‘ஏ கிங்’ வருவான், ‘ஏ ஹில்’ வரும். அவன் ‘ஏன் ஆரோ’ விடுவான். அது ‘ஏன் எலிஃபன்ட்’ மேல் பாயும், பிறகு ‘ஏ டைகர்’, ‘ஏ டீர்’, ‘ஏ வைல்ட் போர்’. அடுத்த விலங்கு ஒவ்வொன்றும் கேட்பவருக்குப் புதுசு, அதனால் ஒவ்வொன்றுக்கும் ‘ஏ’. ஆனால் அம்பு? அது முதல் வரியிலேயே வில்லை விட்டுக் கிளம்பிவிட்டது. எல்லோர் கண்ணும் அதன் மேல்தான். ஆகவே இரண்டாம் வரியிலிருந்து அது ‘தி ஆரோ’. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “அப்போ உடும்புக்கும் ‘ஏ’ தான். அம்பை உடும்புல இருந்து எடுக்கறப்பதான் ‘தி’ உடும்பு.” எனக்குச் சொல்ல மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

அடுத்த சிக்கல் நீளமான வாக்கியம். ‘காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு ஏறி, மழையில் நனைந்து, செம்மேட்டுக்கு வந்து சேர்ந்த பஸ்’ என்று நாம் சொல்கிறோம். அடிவாரத்திலிருந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக ஏறி, கடைசியில் பெயர்ச்சொல்லைச் சேர்கிறோம். பெயரெச்சத்தின் வழக்கம் அது. கொரிய மொழியும் அப்படித்தான் ஏறும். ஆங்கிலமோ பஸ்ஸை முதலில் மலை உச்சியில் நிறுத்திவிட்டு, ‘விச்’ என்று ஒரு கொக்கி போட்டு, அது வந்த வழியை மேலிருந்து கீழே காட்டும். சுனுங்கின் 29-ஆம் கேள்வியில் அடிக்கோடு பல முறை இந்தக் கொக்கியின் மேல்தான் விழும். ஆங்கிலப் பத்தியைப் படிக்கையில் பொருளை முதலில் பிடித்துக்கொள், பிறகு இறங்கு என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிகிறது. தலைகீழாகப் படிக்கச் சொல்லவில்லை, ஏறிய பாதையில் இறங்கச் சொல்கிறோம்.

இனி சொல் தேர்வு. எனக்கு இதுதான் ஆசை தீராத பகுதி.

நாம் மாத்திரை சாப்பிடுகிறோம். கொரியர்களும் மருந்தைச் சாப்பிடுகிறார்கள். சோற்றுக்கு வரும் அதே வினை. ஆகவே ‘ஈட் மெடிசின்’ என்று இரண்டு பிள்ளைகளும் எழுதுவார்கள். ஆங்கிலத்தில் அது ‘டேக்’. நாம் ஒருவரோடு கல்யாணம் செய்கிறோம், ஒன்றைப் பற்றி விவாதிக்கிறோம். அவர்களும் அப்படியே. அதனால் ‘மேரி வித்’, ‘டிஸ்கஸ் அபவுட்’ என்ற இரண்டும் சென்னையிலும் சியோலிலும் ஒரே மாதிரி பிறக்கின்றன. இன்னொரு பக்கம், நாம் வேட்டி உடுத்துகிறோம், செருப்புப் போடுகிறோம், பூ வைக்கிறோம். கொரிய மொழியில் சட்டைக்கு ஒரு வினை, செருப்புக்கு வேறு, தொப்பிக்கு வேறு, மோதிரத்துக்கு வேறு. ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் ‘வேர்’ என்று ஒரே சொல்லை நீட்டும்போது, ‘பூவுக்குமா?’ என்று பிள்ளை தயங்குவது அறியாமை ஆகாது. அவள் மொழி அவ்வளவு நுணுக்கமாக அவளைப் பழக்கியிருக்கிறது.

‘எங்க அம்மா’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பிள்ளையாக இருந்தாலும் நாம் ‘எங்க அம்மா’, ‘எங்க வீடு’ என்போம். கொரியரும் ‘நம் அம்மா’, ‘நம் வீடு’ என்பார்கள். அங்கே ஒரே பிள்ளையாகப் பிறந்தவனும் ‘அவர் மதர்’ என்று எழுதி, வட்டம் வாங்குவான். ஆங்கிலத்தில் அம்மா ‘மை’ ஆகிறாள். அக்காவும் தங்கையும் ஒரே ‘சிஸ்டர்’ ஆகிறார்கள். இந்த இழப்பை ஆசிரியர் ஒரு முறை வாய்விட்டுச் சொன்னால் போதும், பிள்ளை அந்தத் தவற்றை மறுபடி செய்யாது.

இன்றைய வாழ்க்கையைப் பற்றிய பாடங்களில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. ‘வசதி’ என்ற ஒரே சொல்லை வைத்து நாம் எத்தனை வேலை வாங்குகிறோம்! வசதியான நாற்காலி ‘கம்ஃபர்டபிள்’. வசதியான நேரம் ‘கன்வீனியன்ட்’. பஸ் வசதி ‘சர்வீஸ்’. வசதியான குடும்பம் ‘ரிச்’. 30-ஆம் கேள்வி இப்படிப்பட்ட நூலிழையில்தான் பிள்ளையை நடக்க விடுகிறது. மலையில் போனில் பேச்சு அறுந்தால் ‘டவர் இல்ல’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் அது ‘நோ சிக்னல்’. கொரியாவில் அதே நிலைமையை, போன் ‘வெடிக்க மாட்டேன் என்கிறது’ என்பார்கள். அவர்களுடைய செல்போன் ‘ஹேண்ட்போன்’, மடிக்கணினி ‘நோட்புக்’. ஆங்கிலச் சொல் என்று நம்பி அவற்றை ஆங்கிலத்தில் எழுதினால் இங்கிலாந்துக்காரர் குழம்பிவிடுவார். படித்து முடித்ததை ‘பாஸ் அவுட்’ என்று நாம் எழுதினால், அவர் மயங்கி விழுந்ததாக எண்ணிக்கொள்வதைப்போல.

நம் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில், மாற்றுத்திறனாளிகள் தொழில்நுட்பத்தின் துணையோடு படிப்பதையும் பேசுவதையும் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. நல்ல பாடம். டவர் கிடைக்காத ஊரில் அதைப் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு சுமை: பொருளும் புதுசு, மொழியும் புதுசு. இதற்கு மாற்று இந்த மலையிலேயே நடந்திருக்கிறது. வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சையால் அசைவைத் திருப்பித் தந்த மருத்துவர் பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரிப் பெற்றோரின் பிள்ளை. 1923-இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்படும் வரை அம்மாதான் ஆசிரியர், மலைதான் பள்ளி. பிள்ளை மரமேறி உட்கார்ந்துகொண்டால் பாடமும் மரத்துக்குப் போகும். ஆங்கிலம் அவருக்கு வீட்டு மொழி, தமிழ் வெளியில் விளையாடிய மொழி. கண்ணெதிரே கிடந்த பொருளைத் தொட்டுத்தான் இரண்டும் வந்தன.

நான் படித்த பள்ளியில் ஆங்கில வகுப்பில் தமிழ்ச் சொல் ஒன்று வாயில் வந்தால் பெஞ்சு மேல் ஏற வேண்டும். வேற்றுமை உருபையும் பெயரெச்சத்தையும் தமிழ் வகுப்பில் அழகாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த பீரியடுக்கு மணி அடித்ததும் அந்த அறிவையெல்லாம் வாசலில் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு ஆங்கிலத்துக்குள் போனோம். நாற்பது வயது தாண்டியும், ‘தி’ போடும் இடத்தில் என் பேனா ஒரு நொடி நின்று பயப்படுகிறது. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியிருக்கின்றன. மலைமேல் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் வீட்டை விட்டு வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு, இரவில் பாடத்தை விளக்க அம்மாவும் பக்கத்தில் இல்லை. அங்கே தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். ஒருவர் ‘பலாப்பழத்தை’ என்று எழுதட்டும், மற்றவர் அதன் பக்கத்திலேயே ‘தி ஜாக்ஃப்ரூட்’ என்று எழுதட்டும். இதற்குப் புதுக் கட்டடமோ கணினியோ வேண்டாம். ஒரு கரும்பலகையும் இரண்டு சாக்பீஸும் போதும்.

பாட்டி மூட்டையை ஏற்றிவிட்டு ஜன்னலிலிருந்து பேத்தியைக் கூப்பிட்டார். அவள் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள். “போய்ட்டு வர்றேன் சார்” என்றவள், ஒரு எட்டு வைத்துத் திரும்பி, “இதை இங்கிலீஷ்ல எப்படி சார் சொல்றது?” என்றாள். ‘பை’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதில் போவது மட்டும்தான் இருக்கிறது, வருவது இல்லை. கொரியாவில் உன் வயசுப் பிள்ளைகள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மாவிடம் ‘தன்யோ ஓகெஸ்ஸும்னிதா’ என்று சொல்வார்கள், போய்விட்டு வருகிறேன் என்றுதான் அதற்கு அர்த்தம் என்றேன். அவள் அதைப் படியில் நின்றபடி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தடவை பாட்டியைப் பார்த்துச் சொன்னாள். கண்டக்டர் விசில் ஊதினார். அந்த பஸ் கிளம்பிற்று.