ஆலங்கன்று போன்சாய்: நுனியை வெட்டினால் கிளை வரும்

மொட்டை மாடித் தொட்டியில் வைத்த ஆலங்கன்று, கிளையே விடாமல் நெடுநெடுவென வளருதா? காரணம் நுனி மொட்டுதான். அங்கே சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்கி, இலைக் கணுக்களில் உள்ள பக்க மொட்டுகளைத் தூங்க வைக்கிறது. நுனியை வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும்.

புதுத் துளிர் ஆறேழு இலை விட்டதும், கீழே இரண்டு மூன்று இலைகளை வைத்துவிட்டு மேலே வெட்டுங்க. கடைசி இலை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, புதுக் கிளையும் பெரும்பாலும் அந்தப் பக்கமே வரும். அதனால கத்திரியை வைக்கும் முன் ஒரு நிமிஷம் நின்று பாருங்க. பால் வடியும், கண்ணில் படாமல் ஈரத்துணியால் ஒற்றுங்க.

ஆனா அவசரப்படாதீங்க. அடித்தண்டு விரல் கனம்கூட இல்லாத கன்றை அடிக்கடி வெட்டினால் தண்டு பருக்காது. இலைதானே அதுக்குச் சோறு போடுது! தொட்டி மாற்றிய கன்றையும் துளிர்க்கும்வரை தொட வேண்டாம்.