பெயர் போடாத படம்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் குழம்பை ஊற்றி, ஒரே பொம்மையை வேண்டிய மட்டும் எடுப்பார்கள். பழைய பத்திரிகைக் கார்ட்டூனுக்கும் அப்படி ஓர் அச்சு இருந்தது: துத்தநாகத் தகடு. ஓவியர் மசியால் வரைந்ததைப் புகைப்பட முறையில் தகட்டில் ஏற்றி அமிலத்தில் போடுவார்கள். வெற்றிடம் அரித்துப்போகும், கோடு மட்டும் மேடாக நிற்கும், அதில்தான் மை ஒட்டும். இந்த 'பிளாக்'கில் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே, சாம்பல் நிறம் வராது. நிழல் வேண்டுமானால் நெருக்க நெருக்கமாகக் கோடு இழுக்க வேண்டியதுதான். கார்ட்டூன் சிக்கனமாகப் பேசப் பழகியதில் இந்த நெருக்கடிக்கும் பங்குண்டு என்பேன்.

தமிழில் அரசியல் கார்ட்டூனுக்கு வழி போட்டவர் பாரதியார். 1906ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அவை வெளிவந்தன. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் வெள்ளைக்காரன் செய்வது புரிந்தது. 1908ல் அரசு பாய்ந்தது. பாரதியும் பத்திரிகையும் புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது. பத்தாண்டு கழித்துத் திரும்பியவரைப் பிடித்து வைத்தது கடலூர்ச் சிறையில்.

மூக்கையோ மீசையையோ பெரிதாக்குவது இந்தக் கலையின் முதல் பாடம். ஆளைச் சொல்லாமல் விடுவது அதைவிடக் கடினம். மீதியை வாசகரே நிரப்பிக்கொள்வார். தானே கண்டுபிடித்த குற்றத்தை அவர் லேசில் மறப்பதில்லை. அதனால்தான் அதிகாரத்துக்கு இவ்வளவு கோபம். லண்டனில் ஹிட்லரைக் கோமாளியாக வரைந்த டேவிட் லோவின் பெயர், நாஜிகள் தயாரித்திருந்த கைதுப் பட்டியலில் இருந்தது போருக்குப் பின் தெரியவந்தது.

நம் ஊர்க் கதை 1987ல் நடந்தது. ஆனந்த விகடன் அட்டையில் ஒரு சிரிப்புப் படம்: மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்க, பிக்பாக்கெட்டையும் கொள்ளைக்காரனையும் வைத்து அடையாளம் சொல்கிறார் இன்னொருவர். கட்சியும் இல்லை, பெயரும் இல்லை. சட்டப்பேரவை அது தன்னைத்தான் என்று எடுத்துக்கொண்டது! மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தில் சில நாள்களிலேயே விட்டுவிட்டார்கள். அவரோ விடவில்லை, வழக்குப் போட்டார். அந்தக் கைது தவறு என்று 1994ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிடைத்த நஷ்டஈடு 1,000 ரூபாய்.