“உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆபத்து!” மிரட்டும் சிவப்புப் பெட்டிக்குப் பணம் கட்ட வேண்டுமா?

சென்னை:-

கம்ப்யூட்டரைத் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. திரையின் வலது மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கும்.

“உங்கள் பாதுகாப்பு முழுமையாக இல்லை! உடனே அப்கிரேடு செய்யுங்கள்!” என்று சிவப்பு எழுத்தில் கத்தும்.

இலவச ஆண்டிவைரஸ் போட்டிருக்கும் வீடுகளில் இது தினசரிக் கூத்து.

“ஏங்க, வைரஸ் வந்துடுச்சாம். பேங்க் பணமெல்லாம் போயிடுமா?” என்பார் மனைவி.

“கைய வைக்காதே. பையன் ஆபீசிலேர்ந்து வரட்டும்” என்பார் கணவர்.

பையன் வருவதற்குள் பெட்டி நாலு தடவை வந்துவிடும். ஐந்தாவது தடவை பயத்தில் கார்டு நம்பரைத் தட்டிவிடுகிறவர்களும் உண்டு!

இந்தப் பெட்டி நிஜமா, பொய்யா? பணம் கட்டத்தான் வேண்டுமா? இதோ விவரம்:-

மூன்று ரகம்

மிரட்டும் பெட்டிகளில் மூன்று ரகம் உண்டு.

முதல் ரகம், நீங்கள் போட்டிருக்கும் ஆண்டிவைரசே காட்டுவது. அதில் அந்தக் கம்பெனியின் பெயர் இருக்கும். இது வெறும் வியாபார விளம்பரம். மூடிவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இரண்டாவது ரகம், குரோம் போன்ற பிரவுசர் வழியாக வருவது. ஏதோ ஒரு இணையதளத்தில் “அனுமதி கொடு” என்ற பொத்தானை எப்போதோ அழுத்தியிருப்பீர்கள். அந்தத் தளம்தான் ஆண்டிவைரஸ் வேஷம் போட்டு வருகிறது. பெட்டியை உற்றுப் பார்த்தால் பிரவுசரின் பெயரும் தளத்தின் முகவரியும் பொடி எழுத்தில் தெரியும். குரோம் செட்டிங்சில் “நோட்டிபிகேஷன்” பகுதிக்குப் போய் அந்த முகவரியை நீக்கினால் தொல்லை ஒழிந்தது.

மூன்றாவது ரகம்தான் படு மோசம். திரை முழுவதையும் அடைத்துக் கொள்ளும். சத்தம் போடும். “கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, இந்த நம்பருக்குப் போன் செய்யுங்கள்” என்று சொல்லும். இது சுத்த மோசடி! மைக்ரோசாப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. எஸ்கேப் விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பாருங்கள். அல்லது ஆல்ட், எப்-4 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கம்ப்யூட்டரையே அணைத்துப் போடுங்கள். போன் மட்டும் செய்து விடாதீர்கள்.

அப்டேட் வேறு, அப்கிரேடு வேறு!

பலர் ஏமாறும் இடம் இதுதான்.

அப்டேட் என்பது புதிய வைரஸ்களின் அடையாளத்தை ஆண்டிவைரசுக்குச் சொல்லிக் கொடுப்பது. இலவசப் பதிப்பிலும் இது காசில்லாமல், தானாகவே நடக்கும்.

அப்கிரேடு என்பது இலவசத்திலிருந்து காசுப் பதிப்புக்கு மாறுவது. இதை விட்டுவிட்டால் வைரஸ் பாதுகாப்பு நின்றுவிடாது. காசுப் பதிப்பில் வி.பி.என்., பாஸ்வேர்டு பெட்டகம் போன்ற கூடுதல் சரக்குகள் கிடைக்கும். வைரசைப் பிடிக்கும் இயந்திரம் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றேதான்.

இரண்டு சொல்லும் காதுக்கு ஒன்றுபோல இருப்பதால், அப்டேட் என்று நினைத்து அப்கிரேடை அழுத்தி விடுகிறார்கள். விலை கேட்டால் அது அப்கிரேடு. உடனே மூடி விடுங்கள். “இலவசமாகவே தொடர்க” என்ற வரி மங்கிய எழுத்தில் எங்காவது ஒரு ஓரத்தில் பதுங்கி இருக்கும். நிதானமாகத் தேடுங்கள்.

“12 கோளாறுகள்!”

சோதனை முடிந்ததும் “12 கோளாறுகள் உள்ளன” என்று ஒரு கணக்கு வரும். பன்னிரண்டும் வைரஸ் என்று எண்ணிப் பதறாதீர்கள். பழைய குப்பைக் கோப்பு, குக்கீ, “வேகம் குறைவு” எல்லாவற்றையும் கூட்டித்தான் அந்தக் கணக்கு. “எல்லாவற்றையும் சரிசெய்” என்று அழுத்தினால் நேராகக் கல்லாப் பெட்டிக்குக் கொண்டு போய் விடும்.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. ஆபீஸ் டிப்போ என்பது அங்கே பெரிய கடை. கம்ப்யூட்டரைச் சோதித்துத் தருவதாக ஒரு மென்பொருளைப் போட்டார்கள். “வேண்டாத விளம்பரம் வருகிறதா? வேகம் குறைந்ததா?” என்கிற மாதிரி நாலு கேள்வி. ஒன்றுக்கு “ஆமாம்” என்று குறி போட்டாலும் போதும், தீய மென்பொருளின் அறிகுறி இருப்பதாக முடிவு வந்துவிடும்!

குட்டு உடைந்தது. ஆபீஸ் டிப்போ 2 கோடியே 50 லட்சம் டாலரும், மென்பொருள் கொடுத்த சப்போர்ட் டாட் காம் கம்பெனி 1 கோடி டாலரும் கட்ட 2019-ம் ஆண்டு ஒப்புக்கொண்டன.

நாலு பெயர், ஒரே முதலாளி

அவாஸ்ட் பிடிக்கவில்லை என்று ஏ.வி.ஜி.க்கு மாறுகிறார்கள். அதுவும் பிடிக்காமல் அவிராவுக்குப் போகிறார்கள். சுற்றிச் சுற்றி வருவது ஒரே வீட்டுக்குத்தான்!

அவாஸ்ட், 1988-ல் அந்நாளைய செக்கோஸ்லோவாகியாவின் பிராக் நகரில் தொடங்கியது. 2016-ல் ஏ.வி.ஜி.யை 130 கோடி டாலருக்கு வாங்கியது. 2022-ல் நார்ட்டனோடு இணைந்தது. அவிராவை நார்ட்டன் அதற்கு முன்பே வாங்கிவிட்டது. இப்போது நாலுக்கும் முதலாளி ஜென் என்ற கம்பெனி.

இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு. அவாஸ்ட் உபயோகித்தவர்கள் இணையத்தில் எங்கெங்கே போனார்கள் என்ற விவரம், ஜம்ப்ஷாட் என்ற அதன் துணைக் கம்பெனி மூலம் விற்கப்பட்டது. விஷயம் வெளியே வந்ததும் 2020-ல் அந்தத் துணைக் கம்பெனி மூடப்பட்டது. 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. விளம்பரத்துக்காக அந்த விவரத்தை விற்கவும் தடை போட்டது.

வீட்டிலேயே இருக்கும் காவல்காரன்

“அப்ப ஆண்டிவைரசே வேணாமா சார்?” என்று கேட்பீர்கள்.

வேண்டும். ஆனால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாப்டின் டிபெண்டர் கூடவே வருகிறது. தனியாகக் காசு கிடையாது. கரண்டு பில் கட்ட, மெயில் பார்க்க, பிள்ளைகள் படிக்க என்று இருக்கும் சாதாரண வீட்டுக்கு இதுவே போதும்.

வெளி ஆண்டிவைரஸ் ஒன்றைப் போட்டால் டிபெண்டர் தானாக ஒதுங்கிக் கொள்ளும். அதை நீக்கினால் மறுபடியும் தானாக வேலைக்கு வந்துவிடும்.

நீக்குவது சுலபம். செட்டிங்ஸ், அதில் ஆப்ஸ், அந்தப் பட்டியலில் ஆண்டிவைரஸ் பெயர், பிறகு அன்இன்ஸ்டால். “போகாதீர்கள், தள்ளுபடி தருகிறோம்” என்று நடுவில் கெஞ்சும். மசியக்கூடாது. கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டு, “விண்டோஸ் செக்யூரிட்டி” என்று தேடித் திறங்கள். பச்சைக் குறி இருந்தால் காவல்காரன் வேலைக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம்.

புது லேப்டாப்போடு சில மாதத்துக்கு மட்டும் ஓசியில் வரும் ஆண்டிவைரசும் உண்டு. கெடு முடிந்தபின் அதை அப்படியே விட்டு வைக்காதீர்கள். ஒன்று காசு கட்டுங்கள், அல்லது நீக்கி விடுங்கள். காலாவதியான காவல்காரன் வாசலை அடைத்துக்கொண்டு தூங்குவான்!

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோசில் உள்ள ஓட்டையை எந்த ஆண்டிவைரசும் அடைக்காது. 11-க்கு மாறுவதே நல்லது.

கட்டியாச்சு, இப்போ என்ன செய்ய?

காசுப் பதிப்பு வாங்குவது தப்பில்லை. ஆனால் முதல் வருடம் மலிவாகவும், அடுத்த வருடம் கூடுதலாகவும் பிடிப்பது பலருடைய வழக்கம். வாங்கும்போதே “ஆட்டோ ரினியூவல்” குறியை எடுத்து விடுங்கள்.

மறந்து விட்டீர்களா? கவலை வேண்டாம். 2021 அக்டோபர் முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து தானாகப் பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். அந்த எஸ்.எம்.எஸ்.சைப் படிக்காமல் அழிக்காதீர்கள். அதில்தான் ரத்து செய்ய வழி இருக்கும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ந் தேதி 13 வகை தந்திரங்களுக்குத் தடை போட்டது. ஓயாமல் நச்சரிப்பது, பொய்யாக அவசரப்படுத்துவது, சந்தாவில் மாட்டவைத்து வெளியேற விடாமல் செய்வது, வைரஸ் இருப்பதாகப் பொய் சொல்லிக் காசு பிடுங்குவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

கம்பெனி மீது புகார் செய்ய தேசிய நுகர்வோர் உதவி எண்: 1915.

போன் ஆசாமியிடம் பணத்தைப் பறிகொடுத்தால் உடனே அழைக்க வேண்டிய சைபர் குற்ற உதவி எண்: 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு. எனி டெஸ்க் மாதிரி எதையாவது போடச் சொல்லியிருந்தால், முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள்.

வீட்டில் வயதானவர்கள் தனியாகக் கம்ப்யூட்டர் பார்க்கிறார்களா? இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் சரிசெய்து கொடுங்கள். 1930 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

பெட்டி எவ்வளவு கத்தினாலும் சரி, விலை கேட்டால் கையை எடுத்து விடுங்கள்!