குதிரையின் கழுத்தில் ஒரு பெயர்

புதுக்கோட்டையில் ஏசி ரிப்பேர் பார்க்கும் தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். வேலைக்குப் போகிற வழியில் அய்யனார் கோயில் எதிர்ப்பட்டால், வண்டியை ஓரங்கட்டி நாலு படம் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். மூன்று வருஷமாக இப்படி. போன வாரம் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனை என் கையில் கொடுத்தார். "அண்ணே, நாலாயிரம் படம் சேர்ந்துபோச்சு. எல்லாரும் நெட்ல போடு, போடுங்கிறாங்க. எங்க போடறது, எப்படிப் போடறதுன்னு பிடிபடல."

அன்றைக்கு இரண்டு டீ ஆறும் வரை பேசிக்கொண்டிருந்தோம். இவரைப் போலப் படங்களைப் போனிலேயே பூட்டி வைத்திருப்பவர்கள் நிறைய. அதனால் அவருக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு படத்தைத் திறந்தோம். மழையில் நனைந்து பாசி பிடித்த மண் குதிரை. கழுத்து மணிக்குக் கீழே, ஈர மண்ணாக இருந்தபோதே குச்சியால் கீறிய ஒரு பெயர். விரலால் பெரிதாக்கினால் எழுத்து எழுத்தாகப் படிக்க முடிந்தது. "செஞ்ச வேளார் பேரா இருக்கும் அண்ணே" என்றார், குதிரை செய்யும் குயவரைச் சொல்லி. இதே படத்தை வாட்ஸப் குரூப்பில் போட்டிருந்தார். அதையும் திறந்து பெரிதாக்கச் சொன்னேன். கழுத்தில் வெறும் கோடுகள். பெயர் போய்விட்டது.

காரணம் எளிது. அவர் போனில் படம் 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம். மொத்தம் ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். வாட்ஸப் வேகமாக அனுப்புவதற்காகப் படத்தைச் சுருக்கிப் பிழிந்துவிடும். இன்ஸ்டாகிராமும் படத்தை 1080 புள்ளி அகலத்துக்குக் குறைத்தே காட்டிவருகிறது. கணக்குப் போட்டால் அவர் படத்தில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. போன் திரையில் பார்ப்பதற்கு அது தாராளம். அந்தப் பெயரைப் படிப்பதற்குப் போதாது. வாட்ஸப்பில் முழுப் படத்தையே அனுப்ப வேண்டுமானால், போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக இணைத்து அனுப்பலாம். இது பலருக்கும் தெரிவதில்லை.

அதனால் எங்கே போடுவது என்று யோசிக்கும் முன், எதற்காகப் போடுகிறோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நாலு பேர் பார்க்க வேண்டும், பேச வேண்டும் என்றால் இன்ஸ்டாகிராம் நல்ல இடம்தான். அது கடைத்தெரு மாதிரி, கூட்டம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் இன்றைக்குப் போட்ட படம் அடுத்த வாரம் கீழே போய்விடும். பத்து வருஷம் கழித்து ஒருவர் "புதுக்கோட்டை மண் குதிரை" என்று தேடினால் அவர் கையில் கிடைக்க வேண்டும் என்றால் வேறு இடம் பார்க்க வேண்டும். ஃபிளிக்கர் இருக்கிறது. ஆல்பம் ஆல்பமாக அடுக்கி வைக்க வசதியானது, இலவசக் கணக்கில் ஆயிரம் படங்கள் வரை வைக்கலாம். நான் அவருக்குச் சொன்னது விக்கிமீடியா காமன்ஸை. 2004-ல் தொடங்கியது, விக்கிப்பீடியா கட்டுரைகளில் வரும் படங்களில் பெரும்பாலானவை இருக்கும் கிடங்கு அதுதான். இன்றைக்கு அதில் பத்துக் கோடிக்கும் மேல் கோப்புகள் இருக்கின்றன. கொடுக்கிற படத்தைச் சுருக்காமல் அதே அளவில் வைத்துக்கொள்கிறது. தலைப்பையும் விளக்கத்தையும் தமிழிலேயே எழுதலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகப் புரிந்துகொண்டு போட வேண்டும். நம் நாட்டில் படம் எடுத்த நிமிஷத்திலிருந்தே அது எடுத்தவருக்குச் சொந்தம், எங்கேயும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அந்த உரிமை அவர் வாழ்நாளுக்கும் அதற்குப் பிறகு 60 வருஷத்துக்கும் இருக்கிறது. காமன்ஸில் போடும்போது அதில் ஒரு பகுதியை நாமே திறந்துவிடுகிறோம். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற உரிமத்தின்படி, என் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுக்கிறோம். யாரும் என்றால் காலண்டர் அச்சடித்து விற்கிறவரும்தான். வியாபாரத்துக்கு மட்டும் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தால் காமன்ஸ் வாங்கிக்கொள்ளாது. கொடுத்த அனுமதியைப் பிறகு திரும்பப் பெறவும் முடியாது.

இதைக் கேட்டதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. தயங்குவது நல்லதுதான். எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்க வேண்டியதில்லை. விற்க நினைக்கிற படங்கள், கண்காட்சிக்கு வைத்திருக்கிற படங்கள் தனியாக இருக்கட்டும். ஊருக்குப் பயன்படும் படங்களை மட்டும் கொடுக்கலாம். அவருக்கு எது வழி காட்டியது தெரியுமா? வெயிலிலும் மழையிலும் மண் குதிரைகள் உடைந்து கரைந்துகொண்டே இருக்கின்றன. பல கோயில்களில் அந்த இடத்தில் பெயிண்ட் அடித்த சிமெண்ட் குதிரை வந்துவிடுகிறது. "நான் எடுத்ததுல ரெண்டு மூணு குதிரை இப்ப அங்க இல்ல அண்ணே" என்றார். அப்போதே அவர் முடிவு செய்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பொறுக்குவது. நாலாயிரத்தையும் ஏற்றினால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு கோயிலுக்கு மூன்று போதும் என்றேன்: சுற்றுப்புறத்தோடு முழுக் கோயில், ஒரு குதிரை முழுசாக, ஒரு நுணுக்கம். கோணலாக இருந்தால் நிமிர்த்தலாம். இருட்டாக இருந்தால் கொஞ்சம் வெளிச்சம் கூட்டலாம். நிறத்தை ஏற்றிவிடுவதுதான் எனக்குச் சம்மதமில்லை. சூளையில் வெந்த மண்ணுக்கு ஒரு நிறம் உண்டு. போனில் இருக்கும் ஃபில்டர் அதை ஆரஞ்சுப் பழம் மாதிரி ஆக்கிவிடுகிறது. அந்தக் குதிரையைப் பார்த்தே இராதவர் அதைத்தான் உண்மை என்று எடுத்துக்கொள்வார். படத்தின் மேல் குறுக்கே பெயர் எழுதுவதும் வேண்டாம். காமன்ஸில் அதை விரும்புவதில்லை. உங்கள் பெயர் படத்தோடு குறிப்பிலேயே போகும்.

இப்போது நான் அதிகம் வற்புறுத்திய விஷயம்: படத்தின் கீழே எழுதுவது. போன் வைத்த ஐஎம்ஜி என்று தொடங்கும் எண்ணைப் பெயராக வைத்து ஏற்றக் கூடாது. காமன்ஸும் அதை ஏற்காது. ஊர், தாலுகா, கோயில் பெயர், எடுத்த தேதி இவை கட்டாயம். அதற்கு மேல், அந்த ஊர்க்காரர் சொல்லும் சொல்லையே எழுத வேண்டும். பொத்தாம் பொதுவாக "கிராமத் திருவிழா" என்று போட்டால் யாருக்கு என்ன தெரியும்? "புரவியெடுப்பு" என்று எழுதினால், வேளார் செய்த குதிரையை ஊர் சேர்ந்து தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வருகிற அந்த நாளைத் தேடுகிறவர் நேரே வந்து சேருவார்.

தேதி விஷயத்தில் நான் பட்டிருக்கிறேன். பழைய கேமராவில் பேட்டரி மாற்றியபோது கடிகாரம் பின்னால் போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. ஒரு திருவிழா முழுக்க எடுத்த படங்களில் தப்பான வருஷம் பதிந்துவிட்டது. எந்த வருஷத்துத் திருவிழா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதிலிருந்து, எடுத்த அன்றே ராத்திரி இரண்டு வரி எழுதிவைக்காமல் தூங்குவதில்லை.

இடம் காட்டும் குறிப்பும் படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். போனில் லொகேஷன் போட்டு எடுத்திருந்தால் எந்த இடத்தில் நின்றோம் என்பது சில மீட்டர் துல்லியத்தில் அதில் பதிந்திருக்கும். பெரிய குதிரைக்கு அது நல்லது, தேடி வருகிறவருக்கு வழி கிடைக்கும். வீட்டு வாசலில் விளையாடும் குழந்தைக்கு வேண்டாம். ஆந்தைக் கூட்டுக்கு வேண்டாம். காவல் இல்லாத காட்டில் கிடக்கும் சின்னக் கற்சிலைக்கும் வேண்டாம். யார் கண்ணில் படும் என்று நமக்குத் தெரியாது. ஏற்றும் முன் அந்தக் குறிப்பை எடுத்துவிடலாம்.

"சாமி சிலையப் போட்டா கேஸ் வருமா அண்ணே?" என்று கேட்டார். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தையும் கட்டடத்தையும் படமெடுத்து வெளியிட, 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் சட்டம் ஒரு பக்கம், கோயில் வழக்கம் ஒரு பக்கம். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது என்றால் கூடாதுதான். பூசாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். குதிரை செய்கிறவரை எடுத்தால், எங்கே போடப் போகிறோம் என்று சொல்லிவிட்டே எடுக்க வேண்டும், பிறகு ஒரு பிரிண்ட் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். தம்பி இதை ஏற்கெனவே செய்துவந்திருக்கிறார். நாலைந்து வேளார் வீடுகளில் அவர் கொடுத்த படம் சுவரில் மாட்டியிருக்கிறதாம்.

லைக் வருமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், காமன்ஸில் அதற்கு இடமில்லை என்று சொல்லியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் கீழே, அது எந்த எந்தக் கட்டுரையில் பயன்பட்டிருக்கிறது என்று வரும். சில மாதம் கழித்து ஒரு நாள் அங்கே ஒரு வரி கூடியிருக்கும். தவறு இருந்தால் யாராவது வந்து திருத்தியும் வைப்பார்கள்.

கடையிலேயே முதல் படத்தை ஏற்றிவிடலாம் என்று கணக்கு தொடங்கினார். கழுத்தில் பெயர் இருக்கும் அந்தக் குதிரைதான். ஊர், தாலுகா, தேதி எல்லாம் தட்டிவிட்டு, "செய்தவர்" என்று ஆரம்பித்து, கழுத்தில் இருந்த பெயரை எழுதப் போனார். பிறகு ஒரு நிமிஷம் நிறுத்தி, அந்த ஊர் வேளாருக்குப் போன் போட்டார். பேசி முடித்து என்னைப் பார்த்தார்.

"அது செஞ்சவர் பேர் இல்லையாம் அண்ணே. குழந்தை பொறக்கணும்னு நேர்ந்துக்கிட்ட அம்மா பேராம். செஞ்சது இவங்க அப்பாவாம்."

தட்டியதை அழித்துவிட்டு, "நேர்த்திக்கடன்" என்று மறுபடி எழுத ஆரம்பித்தார். நான் இன்னும் இரண்டு டீ சொன்னேன்.